நடுவழியில் ஒரு பாலம்

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது அத்தைக்கு அவள் அண்ணன் போட்ட உத்தரவு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே போனில் அதையே ஓதிக்கொண்டிருந்தான். "விமானம் மாற ஒரு ஊர்ல காலையில இறங்குவீங்க. அடுத்த விமானம் சாயங்காலந்தான். அதுவரைக்கும் நல்ல நாற்காலியாப் பார்த்துப் பிடிச்சுக்க. பிள்ளைங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும். தெரியாத ஊர்ல எங்கயாவது போய் மாட்டிக்காத." அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் அவனுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அண்ணனும் அண்ணியும் வேலைக்காக வெளிநாடு போய், வீடு பிடித்து, பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கி முடிக்கும் வரை பிள்ளைகள் இரண்டும் அத்தையிடம்தான் இருந்தன. இப்போது கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, கொஞ்ச நாள் தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மூத்தவளுக்கு எட்டு வயது. எதைச் சொன்னாலும் 'அது எப்படி?' என்று ஆரம்பிப்பாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் வக்கீலம்மா. இளையவனுக்கு ஐந்து. கால் ஒரு இடத்தில் நிற்காது, பம்பரம். அத்தை ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னல் இல்லாத அறை, கனமான கதவு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று பொழுதெல்லாம் ஒரே பாட்டு. விமானம் ஏறியதே இதுதான் முதல் தடவை.

நடுவழியில் இறங்கிய விமான நிலையத்தில் பம்பரம் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். அதற்குள் நகரும் நடைபாதையில் எதிர்த்திசையில் ஓடினான், குடிதண்ணீர்க் குழாயில் தலையை நனைத்தான், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் பெட்டி மேல் குதிரை ஏறினான். அத்தை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று மினுங்கியது. ஆறாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கால் குறுகுறுத்தது.

வக்கீலம்மா ஒரு அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை, விமானம் மாறுறவங்க வெளிய போய்ச் சுத்திட்டு வரலாமாம். அந்த கவுண்டர்ல கேக்கணுமாம்."

"அப்பா அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காருடி."

"உட்கார்ந்த இடத்தை விட்டுத்தானே அசையக் கூடாது? ரயில்ல உட்கார்ந்துக்கலாம். நாம அசைய மாட்டோம். ரயில்தான் அசையும்."

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாதம் பலமாக இருந்ததாலா, தனக்கே ஆசை இருந்ததாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சும்மா கேட்டுப் பார்ப்போம். கேக்கறதுல என்ன வந்துடப் போகுது?" என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

கவுண்டரில் இருந்த அதிகாரி பெரிய மீசைக்காரர். டிக்கெட்டைப் பார்த்தார், மூன்று பேர் முகத்தையும் பார்த்தார், பாஸ்போர்ட்டுகளில் டக், டக், டக் என்று முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அத்தை பயந்த மாதிரி ஒரு கேள்வி கூட இல்லை. பம்பரம் மேஜையை எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை குத்துங்க!" என்றான். பாஷை புரியாவிட்டாலும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வெற்றுத்தாளில் ஓங்கி ஒரு குத்து குத்தி அவன் கையில் கொடுத்தார். பிறகு அத்தையைப் பார்த்து விரலை ஆட்டி, நேரத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அத்தை தலையாட்டினாள்.

பைகளை ஒரு காப்பறையில் போட்டுவிட்டு அத்தையின் கைப்பையோடு மட்டும் ரயில் ஏறினார்கள். அந்த ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதை ஒட்டி ஒரு இருக்கை, அதுவும் காலியாக! பிள்ளைகள் பாய்ந்து பிடித்தார்கள். பம்பரம் இல்லாத சக்கரத்தைத் திருப்பினான், இல்லாத ஹாரனை அடித்தான். சுரங்கத்துக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே வந்து விலகின. திடீரென்று ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே பாய்ந்து, தூண்கள் மேல் ஏறி, மொத்த நகரமும் காலுக்குக் கீழே விரிந்தது. கூரைகள், மொட்டை மாடிகளில் காயும் துணிகள், மரங்கள், அகலமான ஆறு.

"ஐயோ!" என்று ஒரு கூச்சல். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது பிள்ளைகள் இல்லை. அத்தைதான்.

இறங்கிய ஸ்டேஷனின் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. ஆற்றின் மேல் ஒரு பாலம். நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. அதன் நடுவே ஒரு கப்பல்.

பம்பரம் அதற்கு முன்னால் அசையாமல் நின்றான். அவன் அப்படி நின்றதை அத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"பாலம் உடைஞ்சுபோச்சா?"

"உடையலடா. திறக்குது. கப்பல் போகறதுக்கு" என்றாள் அக்கா.

"நான் பார்க்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான். நிஜமாகவே ஒற்றைக்காலில்.

பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். போய்ப் பார்த்தால் அது சாதுவாக மூடிக் கிடந்தது. கார்களும் சைக்கிள்களும் அதன் மேல் போய்க்கொண்டிருந்தன. நட்டநடுவில் இரும்புப் பல் பல்லாக ஒரு கோடு. பம்பரம் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, "இப்பத் திறந்தா நான் ரெண்டாயிடுவேன்" என்று சந்தோஷப்பட்டான். பாலத்தின் முனையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் இருந்தார். எப்போது திறக்கும் என்று அத்தை தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். பெரிய கப்பல் வந்தால் திறக்கும். இன்றைக்கு வரலாம், வராமலும் போகலாம்.

அக்கரையில் ஒரு பெரிய பூங்கா. அங்கேயே இருந்தால் கப்பல் வந்தால் தெரிந்துவிடும் என்று வக்கீலம்மா தீர்ப்புச் சொன்னாள். பூங்காவின் நடுவே கல் பாவிய ஒரு திடல். பம்பரம் அதன் குறுக்கே ஓடிய நேரம் பார்த்து, தரைக்குள்ளிருந்து சர்ரென்று தண்ணீர் பீச்சி எழுந்தது. ஒன்று இரண்டு இல்லை, திடல் முழுக்க. எந்த ஓட்டையிலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் விளையாட்டே. ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் அதற்குள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அத்தை, "வேண்டாம்டா! மாத்துத் துணி இல்ல!" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் தொப்பலாகிவிட்டார்கள். அவர்களை இழுத்து வரப் போன அத்தையின் முதுகிலும் ஒரு பீச்சல் விழுந்தது. ஜில்லென்றிருந்தது. இனி என்ன இருக்கிறது என்று அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனின் போன்.

அத்தை ஓரமாக ஓடிப் போய் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான்... நீ சொன்ன மாதிரி..."

"என்ன தண்ணிச் சத்தம்?"

"பாத்ரூம்ல இருக்கோம்ணா. பிள்ளைங்களுக்கு முகம் கழுவி விடறேன்."

"நாய் குரைக்குது?"

பக்கத்தில் ஒரு நாய் பீச்சும் தண்ணீரைக் கடிக்கப் பாய்ந்து கொண்டிருந்தது. "யாரோ பயணி கொண்டாந்திருக்காங்கண்ணா. பெரிய ஏர்போர்ட் இல்லையா, எல்லாம் வருது. சரி, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டாள். அண்ணனிடம் இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

பூங்காவை ஒட்டி ஒரு நூலகம். அதன் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தது. பம்பரத்தின் கால்சட்டையை அதன் கீழே பிடித்தாள் அத்தை. வக்கீலம்மா பாவாடையோடு குனிந்து நின்று தலையைக் காட்டினாள். உள்ளே வந்த நூலகப் பெண்மணி அரை நிர்வாணமாக நின்ற பம்பரத்தைப் பார்த்தாள், சட்டென்று வெளியே போனாள். திட்டத்தான் ஆள் கூப்பிடப் போகிறாள் என்று அத்தை பதறினால், அவள் இரண்டு துண்டுகளோடு திரும்பி வந்தாள். அத்தை கைகூப்பினாள். ரொட்டியும் பழமும் வாங்கிப் புல்தரையில் உட்கார்ந்து, பாதி காய்ந்த துணியோடு சாப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் அகோரப் பசி.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் அத்தை கிளம்பச் சொன்னாள். அதிகாரி ஆட்டிய விரல் அவள் கண்முன்னாலேயே இருந்தது. பம்பரத்தின் முகம் தொங்கிப் போயிற்று. "கப்பலே வரலையே" என்றான். அவனைச் சமாதானம் பண்ணிக்கொண்டே பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் பத்தடி வைத்தால் பாலத்தின் மேல் கால்.

டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. முன்னால் ஒரு கம்பு இறங்கி வழியை மறித்தது.

"அத்தை!" என்று வீறிட்டாள் வக்கீலம்மா. "திறக்கப் போகுது!"

அத்தை வேறு எதையும் யோசிக்கவில்லை. பம்பரத்தைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு முண்டியடித்தாள். பாலத்தின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. நடுவிலிருந்த அந்தப் பல்கோடு மெல்லப் பிரிந்தது. சற்று முன்னால் கார்கள் ஓடிய சாலை, நடுவில் போட்ட வெள்ளைக்கோட்டோடு, விளக்குக் கம்பங்களோடு, அப்படியே எழுந்தது. சாலை சுவராயிற்று. எங்கோ கிடந்த ஒரு காலி பாட்டில் அந்தச் சரிவில் உருண்டு உருண்டு வந்து கம்பில் மோதி நின்றது. கூட்டம் கைதட்டியது.

பிறகு கப்பல் வந்தது. சாதாரணக் கப்பல் இல்லை. ஒரு முழு கிரேனை, நீலமும் மஞ்சளுமாக, நின்ற வாக்கிலேயே சுமந்துகொண்டு வந்தது. கட்டடத்தை யாரோ ஆற்றில் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பம்பரம் அத்தையின் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வருது வருது வருது!" என்று அவள் தலை மேலேயே குதித்தான். அத்தைக்கு வலி தெரியவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் போனை எடுத்து, வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணா, பாரு! பாரேன்! எவ்வளவு பெரிசு!"

திரையில் அண்ணனின் முகம் வந்தது. வாய் திறந்தபடி நின்றது. அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது, தான் என்ன காரியம் செய்கிறோம் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதான் நீ சொன்ன பாத்ரூமா?" என்றான் அண்ணன்.

"அது வந்துண்ணா..."

"பேசாத. போனை ஆட்டாமப் பிடி." அப்புறம் குரல் மாறி, "இடது பக்கம் காட்டு... இன்னும் மேல... அடேங்கப்பா! ஏய், இங்க வந்து பாரு!" என்று அண்ணியைக் கூப்பிட்டான். இரண்டு தலைகள் திரையில் முட்டிக்கொண்டன. கப்பலின் வால் கடந்து போகும் வரை அந்த வீட்டிலும் யாரும் திட்டவில்லை.

அண்ணிதான் கேட்டாள். "அது சரி, நீங்க எந்தக் கரையில நிக்கறீங்க? ஏர்போர்ட் எந்தப் பக்கம்?"

அத்தை பாலத்தைப் பார்த்தாள். ஸ்டேஷன் அக்கரையில் இருந்தது. கப்பல் போயாயிற்று. எதிர்ப்பக்கத்துப் பாதி மெதுவாகக் கீழே இறங்கிப் படுத்தது. இந்தப் பக்கத்துப் பாதி கொஞ்சம் இறங்கி, ஒரு உலுக்கு உலுக்கி, அந்தரத்தில் நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அடியில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் கையில் கருவியோடு ஓடினார். அத்தை அவரை மறித்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். அவர் அதே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை இப்படித் தெருவில் கொண்டு வந்து நிறுத்திவிட்டோமே என்று பதறினாள். அவள் முகத்தைப் பார்த்த வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து, "அத்தை, மூச்சை இழு. பிடி. விடு" என்றாள். அத்தை இழுத்தாள், பிடித்தாள், விட்டாள். அப்போதுதான் கீழே பார்க்கத் தோன்றியது.

கீழே படித்துறையில் ஒரு சின்னப் படகு நின்றது. ஆட்களை அக்கரை சேர்க்கிற படகு. ஆனால் பாலம் நின்றுபோனதில் ஊரே அங்கேதான் இறங்கியிருந்தது. சைக்கிளும் பையுமாக வரிசை படிக்கட்டு ஏறித் தெரு வரைக்கும் நீண்டிருந்தது.

"இந்த வரிசையில நின்னா விமானம் பறந்துடும்" என்றாள் அத்தை.

"கேட்டுப் பார்ப்போம்" என்றாள் வக்கீலம்மா. அத்தையின் கைப்பையிலிருந்து மூன்று பயணச் சீட்டுகளையும் உருவி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையை ஒட்டிக் கீழே இறங்கினாள். "ப்ளேன்! ப்ளேன்!" அவள் பின்னால் பம்பரம் இரண்டு கைகளையும் இறக்கையாக விரித்து, "ஊஊஊம்" என்று சத்தம் போட்டபடி சாய்ந்து சாய்ந்து ஓடினான். வரிசையில் இருந்தவர்கள் குழப்பமாகப் பார்த்தார்கள். குறுக்கே புகுவதாக நினைத்து ஒருவர் சைக்கிளை நீட்டி மறித்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தை சத்தமாகச் சிரித்துக்கூட யாரும் பார்த்தது கிடையாது. இப்போது அவள் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தாள். "ஊஊஊம்" என்றாள். வானத்தைக் காட்டினாள், கைக்கடிகாரத்தைக் காட்டினாள், மறுபடி பறந்தாள். சைக்கிள்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் படிக்கட்டு மொத்தமும் சிரித்தது. யாரோ உரக்க ஏதோ சொன்னார்கள்; வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பம்பரத்தை ஒருவர் தூக்கி அடுத்தவரிடம் கொடுக்க, அவன் கை மாறி மாறிப் படகுக்குள் போய்ச் சேர்ந்தான். இறக்கையை மட்டும் மடக்கவில்லை.

படகை ஓட்டியவள் தொப்பி வைத்த, தாட்டியான ஒரு அம்மா. பயணச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு விசில் அடித்தாள். கயிற்றை அவிழ்த்தாள். படகு ஒரு குலுக்கலோடு கிளம்பியதும் அத்தை பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் பயப்படவும் நேரம் கிடைக்கவில்லை. படகு நேராக அந்தரத்தில் நின்ற பாலத்துக்கு அடியில் போனது. அண்ணாந்து பார்த்தால், ஒரு வீட்டளவு பற்சக்கரம், மசகு எண்ணெய் வழிய வழிய. அதன் மேல் குட்டி எறும்புகள் மாதிரி மனிதர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எலும்புகளை நிழலாகவே பார்த்துப் பழகியவள் அத்தை. ஒரு பாலத்தின் எலும்பை நேரில் பார்த்தபோது அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"இதை மேல இருந்து யாரும் பார்க்க முடியாது இல்ல?" என்று கிசுகிசுத்தாள் வக்கீலம்மா.

"முடியாது. நாம மட்டுந்தான்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். படிக்கட்டில் ஓட்டம், ஸ்டேஷனில் ஓட்டம். ரயிலில் முன் இருக்கை கிடைக்கவில்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இல்லை. காப்பறையில் பைகளை வாரிக்கொண்டு, சோதனை வரிசையில் பம்பரத்தின் சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல், பாதி ரொட்டி, கசங்கிய முத்திரைத் தாள் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி, மறுபடி வாரிக்கொண்டு, கடைசி வாசலை நோக்கி மூன்று பேரும் பறந்தார்கள். வாசலில் நின்ற பெண் கதவை மூடக் கை வைத்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

இருக்கையில் பெல்ட்டை மாட்டியதும் அத்தை அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஏறிட்டோம்" என்றாள்.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "வா, உனக்கு இருக்கு" என்றான் அண்ணன். அடுத்த மூச்சிலேயே, "அந்தப் பாலம் அப்புறம் இறங்குச்சா?" என்று கேட்டான்.

"தெரியலண்ணா. நாங்க அடியில புகுந்து வந்துட்டோம்."

"அடியிலயா?" என்று அவன் கத்துவதற்குள், போனை அணைக்கச் சொல்லி விமானப் பணிப்பெண் வந்துவிட்டாள்.

பம்பரம் அத்தையின் மடியில் சாய்ந்து, விமானம் நகரும் முன்பே தூங்கிப்போனான். அவன் சட்டை இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. வக்கீலம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ தீவிரமாக யோசித்தாள்.

"அத்தை, நீ திரும்பி வரும்போது இதே ஊர்லதானே மாறணும்?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

அத்தை மனசுக்குள் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரந்தான்."

"அது எப்படிப் பத்தும்?"

"பத்தாதுதான்" என்றாள் அத்தை. இவர்கள் இல்லாமல் தனியாகத் திரும்பப் போகிறோம் என்று கிளம்பியதிலிருந்தே ஒரே நினைப்பாக இருந்தது. இப்போது அதே இடத்தில் வேறு ஒரு யோசனை முளைத்தது. "டிக்கெட்டை மாத்த முடியுமான்னு அப்பாகிட்ட கேக்கணும். ஒரு நாள் தங்கற மாதிரி."

"நீ தனியாவா?"

"ஏன், அத்தைக்கு ரயில் ஏறத் தெரியாதா?"

விமானம் எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வக்கீலம்மா மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு கீழே பார்த்தாள். "அத்தை, அங்க பாரு! குன்று மேல வெள்ளையா, உருண்டையா, அது என்ன? நாம பார்க்கவே இல்லையே!"

அத்தை தூங்குகிற பிள்ளையை மெல்ல நகர்த்திவிட்டு, அவள் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். "எங்கடி? எங்க? கொஞ்சம் நகரு, எனக்குத் தெரியல."